உப்பு மாவுப் பொம்மைகள் காய்ந்த பிறகும் வியர்க்கின்றன, எங்கே தப்பு?

மாவுக்கை · ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். வீட்டில் இரண்டு வாண்டுகள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. விடுமுறையில் கைக்கு வேலை கொடுக்கலாம் என்று மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப் போட்டுப் பிசைந்தோம். ஜன்னலில் தொங்கவிட நட்சத்திரம், மீன், இலை, ஒரு பெரிய நிலா எல்லாம் செய்தோம். ஓவன் இருக்கிறது, ஆனால் பொம்மைக்காக மூன்று மணி நேரம் ஓடவிட மனம் வரவில்லை. தட்டில் பரப்பி ஜன்னல் ஓரத்தில் நாலு நாள் வைத்தேன். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் வாட்டர் கலர், அன்று மாலையே வார்னிஷ். டப்பா காலியாகிவிட்டதால் நிலாவுக்கு மட்டும் வார்னிஷ் இல்லை.

ஒரு வாரம் பிரமாதமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் நிலா முழுக்க முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. தொட்டால் நீலம் விரலோடு வருகிறது. சின்னவன் "நிலாவுக்குக் காய்ச்சல்" என்று கைக்குட்டையைப் போர்த்திவிட்டான். வார்னிஷ் அடித்தவையும் தப்பவில்லை. மீனின் வால் தொய்ந்துவிட்டது, இரண்டு நட்சத்திரங்களில் விரிசல். பெரியவள் அழுதிருந்தால்கூடச் சமாதானம் செய்திருப்பேன். "மாவுதான் கெட்டது, நான் ஒழுங்காத்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கே தப்பு செய்தேன்? இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?


வாலுப்பையன்அப்பா · ஞாயிறு, இரவு 10.15

போர்வை போர்த்தியவனுக்கு என் வணக்கம். தப்பு எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்த கதை இருக்கிறது: இரண்டு நிமிடத்தில் ஆமை பந்தாகிவிட்டது. உள்ளே புகை, வெளியே பச்சை மாவு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.


உப்புமூட்டை · ஞாயிறு, இரவு 10.40

மூன்று கேள்விகள். கனம் எவ்வளவு? என்ன உப்பு? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?


மாவுக்கை · திங்கள், காலை 7.20

கனம்... நட்சத்திரங்கள் ஒரு விரல் கனத்தில் பாதி இருக்கும். நிலா ஒரு முழு விரல். உப்பு, வீட்டிலிருந்த கல்லுப்பை மிக்ஸியில் பொடித்தது. அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. மேலே அவ்வளவு கெட்டியாக இருந்ததே!


உப்புமூட்டை · திங்கள், காலை 8.05

நினைத்தேன். இங்கே இரண்டு தனித்தனிக் கதைகள் ஓடுகின்றன, கலக்காமல் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் கதை, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். இரண்டு கப் மைதா ஏறக்குறைய 250 கிராம். ஒரு கப் பொடி உப்பு ஏறக்குறைய 290 கிராம். முக்கால் கப் தண்ணீர் 180 மி.லி. ஆக மொத்த மாவு 720 கிராமில் 180 கிராம் தண்ணீர், அதாவது கால் பங்கு. நீங்கள் ஒரு கப் முழுவதும் ஊற்றியதால் இன்னும் அதிகம். இந்தக் கால் பங்கு முழுவதும் வெளியேறினால்தான் பொம்மை காய்ந்ததாகக் கணக்கு. மேல்தோல் முதலில் இறுகிவிடும். அது நமக்குக் கல் மாதிரி கேட்கும். தட்டோடு ஒட்டிக் கிடக்கும் அடிப்பக்கத்துக்குக் காற்றே படாது. அந்த நிலையில் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல. வால் தொய்ந்தது அதனால்தான். விரிசலும் அதே குடும்பம்: வெளியே சுருங்கி முடித்துவிட்டது, உள்ளே இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் கதை, வெளியிலிருந்து வரும் தண்ணீர். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் இழுக்கும் பேராசைக்காரன். ஜாடியில் வைத்த கல்லுப்பு எப்போதும் நசநசவென்று இருப்பது இதனால்தான். உங்கள் நிலாவுக்குக் கனமும் அதிகம், வார்னிஷும் இல்லை, உப்பும் அந்த உப்பு. வியர்க்காமல் என்ன செய்யும்?

உங்கள் மகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாவுதான் கெட்டது.


மழைக்குருவி · திங்கள், பிற்பகல் 1.10

நான் சிறுவர்களுக்குக் கைவினை வகுப்பு எடுப்பவள். ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகள், நாற்பது கைகள், அத்தனையிலும் மாவு. உப்புமூட்டை சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் கை சொன்னதும் அதேதான்.

நான் செய்யும் முறை இது. மைதாவையும் தூள் உப்பையும் முதலில் உலர்வாகவே நன்றாகக் கலந்துவிடுவேன். தண்ணீரை அரை கப்பில் ஆரம்பித்து, பிறகு கரண்டி கரண்டியாக. எங்கே நிறுத்துவது என்றால், மாவு கையை விட்டுப் பிரிய வேண்டும். கிள்ளிப் பார்த்தால் காது மடல் மாதிரி இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் "உன் காதைத் தொடு, மாவைத் தொடு" என்பேன். அதற்கப்புறம் அடுத்தவன் காதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விட்டால் விளிம்பு வெடிப்பது பாதிக்கு மேல் குறையும்.

பூரிக்கட்டையால் தேய்க்கும்போது இரு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு ஸ்கேல் வைத்து அதன் மேல் உருட்டச் சொல்லுங்கள். நாலு வயதுக்காரன் உருட்டினாலும் எங்கும் ஒரே கனம் வரும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் போதும். அதைவிட மெல்லிசு என்றால் காயும்போது விளிம்பு சுருண்டுகொள்ளும், கனம் என்றால் உங்கள் நிலா.

தொங்கவிடும் ஓட்டையை ஸ்ட்ராவால் ஈரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலமாவது உள்ளே தள்ளி. காய்ந்த பிறகு துளைக்கப் போய் நான் உடைத்தவற்றை எண்ணினால் ஒரு பெட்டி நிறையும்.


வாலுப்பையன்அப்பா · திங்கள், பிற்பகல் 2.00

கப்பு, கிராம் கணக்கைப் பார்த்ததும் என் ஆமை நினைவுக்கு வந்தது. நான் "இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு" என்பதைத் தராசில் போட்டேன். 500 கிராம் மாவு, 250 கிராம் உப்பு. மாவு ரப்பர் மாதிரி. நட்சத்திரமாக வெட்டினால் இழுத்துக்கொண்டு வட்டமாகிறது. அதுவும் இதனால்தானா?


உப்புமூட்டை · திங்கள், பிற்பகல் 2.30

அதேதான். தராசில் போட்டதால் உப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. கப் கணக்கில் உப்பு மாவைவிடக் கொஞ்சம் அதிக எடை. உப்புக் குருணைகள்தான் மாவின் இழுவையை அடக்கி, வெட்டிய வடிவத்தை வெட்டியபடி நிறுத்துகின்றன. அது குறைந்தால் மிஞ்சுவது வெறும் மாவு உருண்டை.

இன்னொன்று. வெந்நீர் ஊற்றினால் உப்பு முழுதும் கரைந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். கரையாது. 100 மி.லி. தண்ணீரில் அறை வெப்பத்தில் 36 கிராம் உப்பு கரையும், கொதிநிலையில் 39 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். 180 மி.லி. தண்ணீருக்கு 65 கிராம் கரைந்தால் மீதி இருநூற்றுச் சொச்சம் குருணையாகவே கிடக்கும். அதனால்தான் தூள் உப்பு வேண்டும். பரபரவென்று கையில் உறுத்தினால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள்.


நாலுகால்நண்பன் · திங்கள், மாலை 6.45

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

போன வருடம் பிள்ளைகள் தொங்கவிட்ட ஓர் அலங்காரத்தை எங்கள் நாய் எட்டிப் பறித்துத் தின்றுவிட்டது. மாவு வாசம் அதற்குப் பிஸ்கட் வாசம். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, ஓயாத தாகம், நடை தள்ளாட்டம். மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு நாள் ஊசியும் மருந்தும். பிழைத்துக்கொண்டது.

மருத்துவர் சொன்ன கணக்கு: நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு போனாலே விஷக் குறிகள் தெரியலாம், 4 கிராம் உயிரைப் பறிக்கலாம். மேலே உப்புமூட்டை கொடுத்த எடையை வைத்துப் பாருங்கள். காய்ந்த பொம்மையில் பாதிக்கு மேல் உப்பு. 50 கிராம் பொம்மை ஒன்றில் 26, 27 கிராம். பத்துக் கிலோ நாய்க்கு விஷக் குறி காட்ட அந்த ஒரு பொம்மையே போதும். பிசைந்து வைத்த ஈர மாவும் அப்படித்தான்.

தின்றுவிட்டால் குறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது அது.


நடத்துநர் · திங்கள், மாலை 7.05

மேலுள்ள பதிவை இழையின் தலைப்பில் பொருத்திவைத்திருக்கிறேன். கூடவே: சின்னக் குழந்தைகளுக்கும் அளவு மீறிய உப்பு ஆபத்துதான். எதையும் வாயில் வைக்கும் வயதில் தனியே விடாதீர்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வையுங்கள்.


கோதுமைவேண்டாம் · திங்கள், இரவு 9.30

என் மகனுக்குக் கோதுமை ஆகாது. தொடுவதில் தொந்தரவு இல்லை, ஆனால் விரல் எந்த நேரமும் வாயில்தான். அரிசி மாவில் செய்து பார்த்தேன், உதிர்ந்து கொட்டிவிட்டது. வேறு வழி உண்டா?


மழைக்குருவி · செவ்வாய், காலை 6.50

அரிசி மாவுக்கு இழுவை கிடையாது, அதனால் உதிரும். உப்பையே மறந்துவிடுங்கள். சமையல் சோடா இரண்டு கப், கார்ன்ஃபிளவர் ஒரு கப், தண்ணீர் ஒன்றேகால் கப். கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று திரண்டு வரும், அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட்டுப் பிசைந்தால் பட்டு மாதிரி இருக்கும். அடுப்பு வேலை உங்களுடையது, ஆறிய பிறகு பிள்ளையுடையது.

காய்ந்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். உப்பு மாவின் மங்கிய நிறம் வராது. உண்மையைச் சொன்னால் இலை நரம்பு, விரல் ரேகை எல்லாம் இதில்தான் தெளிவாகப் பதிகிறது. ஆனால் இதையும் நாய்க்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும், சோடாவும் அவற்றுக்கு விஷம். பாக்கெட்டில் கோதுமை கலக்கவில்லை என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


மாவுக்கை · செவ்வாய், காலை 9.15

எல்லோருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் நாய் இல்லை, ஆனால் அலங்காரங்களை மேலே ஏற்றிக் கட்டிவிட்டேன்.

சரி, இனி ஓவன்தான் என்று முடிவு. எத்தனை டிகிரி? ஓர் இடத்தில் 180 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 100.


வாலுப்பையன்அப்பா · செவ்வாய், காலை 9.40

180 டிகிரியில் அரை மணி நேரம். நான் அப்படித்தான் செய்தேன். பழுப்பு நிறம் வந்தது, அழகாகத்தான் இருந்தது.


மழைக்குருவி · செவ்வாய், காலை 10.30

பழுப்பு வந்தது சரி, உப்பியதா இல்லையா?


வாலுப்பையன்அப்பா · செவ்வாய், காலை 10.35

உப்பியது. அதைத் தொப்பை என்று வைத்துக்கொண்டோம்.


உப்புமூட்டை · செவ்வாய், காலை 11.00

180 டிகிரியில் உள்ளேயுள்ள தண்ணீர் ஆவியாகிறது, ஆனால் இறுகிய மேல்தோலைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் குமிழாகத் தூக்குகிறது. இது சுடுகிற வேலை இல்லை, உலர்த்துகிற வேலை. 100 டிகிரி, அதிகம் போனால் 110. ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். கம்பி வலைமேல் வைத்தால் இரு பக்கமும் ஒன்றாகக் காயும். முடிந்ததும் ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். சட்டென்று வெளியே எடுத்தால் சில நேரம் படக்கென்று விரிசல் விடும்.

ஓவனை மூன்று மணி நேரம் ஓட்ட மனமில்லாதவர்கள் இரண்டு நாள் காற்றில் உலர்த்தி, திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஓவனுக்கு அனுப்பலாம். வெறும் காற்றிலேயே என்றால் ஒரு வாரம் ஒதுக்குங்கள், அதுவும் காற்று வறண்டிருந்தால்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசு இருந்தால் பொம்மையை ஈரமாக ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி எடை. தொடர்ந்து இரண்டு முறை எடை இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. 100 கிராம் ஈர மாவு சுமார் 75 கிராமுக்கு வந்து நிற்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய விளையாட்டு. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து அந்த வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள்.


தச்சர்மகன் · செவ்வாய், இரவு 8.20

அம்மா மாவுக்கை, நான் மர வேலைக்காரன், பேரப்பிள்ளைகளுக்காக இந்த மாவு வேலையும் செய்வேன். வார்னிஷ் பற்றி இரண்டு வார்த்தை.

வாட்டர் கலரில் தண்ணீர் இருக்கிறது. அது மேற்பரப்பு உப்பைக் கரைத்து மறுபடி ஈரமாக்கும். காலையில் வண்ணம், மாலையில் வார்னிஷ் என்பது மரத்துக்கே ஆகாது, உப்பு மாவுக்கு எப்படி ஆகும்? அக்ரிலிக் வண்ணத்தை அதிகம் தண்ணீர் விடாமல் அடித்து, ஒரு முழு நாள் விடுங்கள். வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஏதாவது மேலே பூத்தால் பயப்பட வேண்டாம், கரைந்து மேலே வந்து காய்ந்த உப்பு அது. உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம்.

வெள்ளைப் பசையைப் பூசினால் போதும் என்பார்கள். ஒரு வாரம் ஜொலிக்கும், ஈரக்காற்று வந்தால் பிசுபிசுக்கும். ஏனென்றால் அதுவும் தண்ணீர்ப் பசைதான். தண்ணீர் சேராத வார்னிஷை மெல்லிசாக மூன்று கை அடியுங்கள், ஒவ்வொரு கைக்கும் நடுவே நன்றாகக் காயவிட்டு. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, முக்கியமாக ஓட்டையின் உள்சுவர். எல்லோரும் மறப்பது அதைத்தான், தண்ணீர் நுழைவதும் அந்த வழியில்தான். பல் குத்தும் குச்சியாலோ சின்னத் தூரிகையாலோ அங்கே வார்னிஷ் தடவிவிட்டு, அது காய்ந்த பிறகு நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பின், ஜன்னலைத் திறந்துவைத்து, நீங்களே செய்யுங்கள்.

ஏற்கெனவே தொய்ந்தவற்றைக் காப்பாற்றக் கேட்டீர்கள். பின்பக்க வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள் (உப்பு வேலைக்கு உப்புத்தாள்!). மூடியுள்ள டப்பாவில் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். வார்னிஷ் அடித்ததை ஓவனில் மட்டும் வைத்துவிடாதீர்கள், புகையும் நாற்றமும் வரும். விரிசலில் மைதாவையும் உப்பையும் தண்ணீரில் குழைத்து அடைக்கலாம், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும்வரை அது மறுபடி விடும்.


மாவுக்கை · புதன், காலை 7.00

நூலைக் கோர்த்துவிட்டுத்தான் வார்னிஷ் அடித்தேன். ஓட்டையின் உள்ளே ஒன்றுமே படவில்லை. சரி சரி.

இன்னொன்று கேட்க வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சின்னவன் செய்த மீனுக்கு மூன்று கண், வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். இரவில் நான் அதைக் கொஞ்சம் சரிசெய்து, ஒரு கண்ணை எடுத்துவிட்டேன். காலையில் அவன் அதை எடுக்கவே இல்லை. இந்த மாதிரி நீங்கள் யாராவது செய்வதுண்டா?


வாலுப்பையன்அப்பா · புதன், காலை 7.30

செய்திருக்கிறேன். ஒருமுறை இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பையன் செய்த குதிரையின் காலை நேராக்கினேன். காலையில் வந்தவன் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோட குதிரை?" என்றான். அதற்குப் பிறகு கைவைப்பதில்லை. நாமென்ன கண்காட்சியா நடத்துகிறோம்? கோணலாக இருந்தால் இருக்கட்டும், உடைந்தால் உடையட்டும்.


தச்சர்மகன் · புதன், காலை 9.10

தம்பி, கோணல் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். உடைந்தால் உடையட்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒட்ட வைத்த காது மறுநாள் விழுந்தால் பிள்ளை "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் பல் குத்தும் குச்சியால் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்தினால்தான் பிடிக்கும். நாலு வயதில் அந்த விரலுக்கு அழுத்தம் போதாது. அதைப் பெரியவர்கள் செய்துதான் ஆக வேண்டும்.


மழைக்குருவி · புதன், பிற்பகல் 12.40

வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: பெரியவர்கள் பின்பக்கத்தைத் தொடலாம், முன்பக்கத்தைத் தொடக்கூடாது. இணைப்புக்குப் பின்னால் ஒரு மாவுப் பட்டை ஒட்டிக் கெட்டிப்படுத்துவது, ஓட்டை விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் பின்னால் ஒட்டுப் போடுவது, அடியைச் சமமாக்குவது எல்லாம் சரி. அதுவும் பிள்ளையின் கண் முன்னால், கேட்டுவிட்டு. இரவில் இல்லை.

திருத்தாமலே நன்றாக வர வேண்டுமென்றால் கையில் கொடுக்கும் பொருளை மாற்றிப் பாருங்கள். சின்னவர்களிடம் வடிவம் செய்யச் சொல்லாதீர்கள், பதிக்கச் சொல்லுங்கள். நரம்பு எடுப்பான இலை, பொத்தான், சீப்பு, பேனா மூடி, சரிகை துணி, திருகாணி. எதை அழுத்தினாலும் அழகுதான். தவறே வர வழியில்லாத வேலை அது. ஏழு வயதுக்கு மேல் என்றால் டீ வடிகட்டி வழியாக மாவைத் தள்ளச் சொல்லுங்கள், புசுபுசுவென்று முடி வரும். ஆட்டுக்குட்டிக்கும் தாத்தா தாடிக்கும் அதுதான்.

மூன்று கண்ணை விட்டுவைத்திருக்கலாம் நீங்கள்.


கோதுமைவேண்டாம் · புதன், இரவு 10.05

சோடா மாவு செய்தோம். திடீரென்று திரளும் என்றீர்களே, அந்தத் திடீரை நான் தவறவிட்டேன், அடிப்பிடித்துவிட்டது. இரண்டாவது முறை சரியாக வந்தது. அவன் உள்ளங்கையைப் பதித்திருக்கிறோம். நன்றி, வேறு வார்த்தை இல்லை.

உள்ளங்கை பதிப்பவர்களுக்கு ஒன்று: நான் அவன் கையை மேலிருந்து மொத்தமாக அழுத்தினேன், உள்ளங்கைக் குழி பதியவே இல்லை. பிறகு ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திவிட்டுக் கடைசியில் நடுவில் அழுத்தியதும் முழுதாக வந்தது.


மழைக்குருவி · வியாழன், காலை 6.40

உப்பு மாவில் கை பதிப்பவர்கள் முதலில் கையில் கீறல், கரப்பான் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு பட்டால் எரியும். குழந்தை அலறிய பிறகு காரணம் தேட வேண்டியிருக்கும்.


மாவுக்கை · இரண்டு வாரம் கழித்து, சனி, மாலை 5.30

திரும்பி வந்துவிட்டேன்.

தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர், காது மடல் பதம், இரண்டு ஸ்கேல். இந்தத் தடவை பெரியவள் தராசும் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மீன் ஈரமாக 64 கிராம். ஓவனில் ஒரு மணி நேரத்தில் 57. அடுத்த அரை மணியில் 53, பிறகு 50, பிறகு 49, அதற்கப்புறமும் 49. "நின்னுடுச்சு!" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து நான் ஓடி வந்தேன், என்னவோ ஏதோவென்று. ஒரே ஒரு நட்சத்திரம் சுருண்டுகொண்டது. அது தம்பி ஸ்கேலைத் தாண்டி உருட்டியது.

வண்ணம் அடித்து இரண்டு நாள் விட்டேன். வார்னிஷ் மூன்று கை, ஓட்டையின் உள்ளேயும். பத்து நாள் ஆகிறது, நடுவில் நாலு நாள் விடாத மழை. எதுவும் வியர்க்கவில்லை, வண்ணம் விரலில் ஒட்டவில்லை.

பழைய மீனின் வாலை உப்புத்தாள் போட்டு, டப்பாவில் பூட்டி வைத்து, ஓரளவு நிமிர்த்திவிட்டேன். நட்சத்திரங்கள் பிழைக்கவில்லை. சின்னவனிடம் அந்தக் கண்ணை நான்தான் எடுத்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மிச்ச மாவை உருட்டி இரண்டு கண் ஒட்டினான். இப்போது நாலு.

அந்தப் பெரிய நிலாவை மட்டும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறான். வண்ணமெல்லாம் போய்விட்டது, அது இன்னும் அதே ஜன்னலில் தொங்குகிறது. காலையில் எழுந்ததும் போய் விரலால் தொட்டுப் பார்க்கிறான். ஈரமாக இருந்தால் "இன்னிக்குத் துணி காயாது" என்று அறிவிப்பு. இதுவரை மூன்று முறை சொல்லி மூன்று முறையும் சரியாக இருந்தது, நான் துவைக்காமலே விட்டேன்.


உப்புமூட்டை · சனி, மாலை 6.10

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி அது. வார்னிஷ் மிச்சமிருந்தாலும் அதன்மேல் அடித்துவிடாதீர்கள்.


வாலுப்பையன்அப்பா · சனி, மாலை 6.25

கல்லுப்பை எத்தனை நிமிடம் மிக்ஸியில் அடித்தீர்கள்? எங்கள் வீட்டுக்கும் ஒரு நிலா வேண்டுமாம்.